பத்து மணிக்கு நின்ற பாட்டு

ஊர்களை எனக்குப் பலகையால்தான் தெரியும்.
குளச்சல் மேடை உப்பு ஊறி வழுக்கும்.
அருமனையில் மூன்றாவது பலகையில்
ஆணி தலைதூக்கி நிற்கும்;
என் இடது குதிகாலில்
இன்னும் கொஞ்சம் அருமனை இருக்கிறது.

இன்று திங்கள்சந்தை.
சரியாகப் பத்துக்கு
எஸ்.ஐ. கை காட்டினார், பாட்டு அறுந்தது.
ஷைஜா அப்போது அந்தரத்தில் இருந்தாள்.
பிடிக்க வேண்டிய என் கை
பாட்டோடு நின்றுவிட்டது.
யாரோ விசிலடித்தான்.
நாற்காலி மடக்கும் சத்தம்.

பாதிச் சம்பளம்.
"பாதி ஆட்டந்தானே" என்றார் கமிட்டிக்காரர்,
ஒரு சீப்பு மட்டிப்பழத்தை வேனுக்குள் வைத்து.

டார்வின் அண்ணன் தூங்காமலிருக்க
யாராவது பேசிக்கொண்டே வரவேண்டும்.
இன்று யாரும் பேசவில்லை.
ஜிகினா உதிர்ந்து
சீட்டெல்லாம் மீன்செதில்.

இரணியல் தாண்டியதும் மழை.
முழங்கால் கட்டை அவிழ்த்து
மறுபடி இறுக்கிக் கட்டுகிறாள்.
பையனுக்கு விடிந்தால் கணக்குப் பரீட்சையாம்.
சொன்னது என்னிடம் இல்லை,
ஜன்னல் கண்ணாடியிடம்.

அவள் மற்ற கால்
சீட்டுக்கு அடியில்
நின்ற இடத்திலிருந்து எண்ணிக்கொண்டிருந்தது.
ஃபைவ், சிக்ஸ், செவன்,

தக்கலை வேகத்தடை.
வேன் தூக்கிப்போட்டது.
இருட்டில்
இரண்டு கையையும் நீட்டிவிட்டேன்.