ரூவியில் ஒரு சீசா

மஃரிபு முடிந்து அரைமணி ஆகியும்
சறுக்குமரம் ஆறவில்லை.
தோசைக்கல் பதம் பார்ப்பதுபோல்
புறங்கையை வைத்துப் பார்த்தேன்.
"இன்னும் இல்ல, ருமைஸா."

இரண்டு கட்டடங்களுக்கு நடுவே
கார்கள் விட்டுவைத்த இடம்தான் பூங்கா.
ஊஞ்சல் இரண்டு, ஒன்றில் சங்கிலி மட்டும்.
மற்றதற்கு ஆறு பிள்ளைகள் வரிசையில்,
ஆளுக்கு இருபது ஆட்டம்.
எண்ணுவது மலையாளத்தில், சண்டை அரபியில்.

மிச்சம் சீசா.
அவள் பதினாறு கிலோ, நான் எண்பத்திரண்டு.
நான் உட்கார்ந்ததும் மேலே போனாள்,
மேலேயே இருந்தாள்.
"வாப்பா, எறக்குங்க."
கால்விரல் ஊன்றி எம்பினேன், இறங்கினாள்.
மூச்சு வாங்க உட்கார்ந்தேன், ஏறினாள்.
ஏழாவது தடவை
முட்டி சத்தம் போட்டது.

வேலியோரம் பைக்கை நிறுத்திவிட்டு வந்தான்
ஆரஞ்சுச் சட்டைக்காரன்,
முதுகுப் பெட்டியில்
யாருக்கோ போகவேண்டிய பிரியாணி.
ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.
எந்தப் பாஷையிலும் எதுவும் கேட்காமல்
அவள் பின்னால் நின்று
முழு உடம்பாலும் பலகையை அழுத்தினான்.

நான் மேலே போனேன்.
எண்பத்திரண்டு கிலோ,
ஒன்பது நாளில் காலாவதியாகும் பத்தாக்கா,
முதலாளி இன்னும் எடுக்காத என் ஏழு அழைப்புகள்,
எல்லாமாக.
செருப்பு ஒன்று மணலில் விழுந்தது.
கார்க் கூரைகளுக்கு அந்தப் பக்கம்
மலை, இருட்டைவிடக் கொஞ்சம் கறுப்பாக.
மூன்றாம் மாடியில் எங்கள் சமையலறை விளக்கு.

அவன் போன் அடித்துக்கொண்டே இருந்தது.
கையை எடுக்கவில்லை அவன்.

கீழேயிருந்து ருமைஸா கத்தினாள்:
"வாப்பா, எறக்கணுமா?"

கொஞ்சம் இரு, என்றேன்.