ஒப்பீட்டுக்கு வந்தவள்

தார்த்துவில் ஆறு உறைந்து பத்து நாள்.
கழற்ற வேண்டியவற்றைச் சொன்னேன்:
காதுக்கருவி, கொண்டை ஊசி, மோதிரம்.
மோதிரம் மட்டும் வரவில்லை.
வலக்கை விரலில் சோப்பு தேய்த்து உருவினோம்.
நாற்பத்தாறு வருஷத்தில் முதல் தடவை என்றாள் ஹெல்வே.
தட்டில் அது விழுந்த சத்தத்துக்கு
நடைகூடத்திலிருந்து எட்டிப் பார்த்தார் எண்டெல்.

நோயாளி அவர்தான்.
ஹீயுமா தீவுக்குக் கடல்மேல் போகும் பனிச்சாலையில்
முப்பது குளிர்காலம் காவல் இருந்தவர்.
துளையிட்டு, கனம் அளந்து,
ஜூனிப்பர் கிளைகளை நட்டுக்கொண்டே போவாராம்,
வெள்ளைக்குள் எது சாலை என்று தெரிய.
அவர் படம் காலையிலேயே எடுத்தாயிற்று.
இவள், நலமாக இருக்கும் மூளை எப்படி இருக்கும் என்பதற்கு.
பக்கத்தில் வைத்துப் பார்க்க.
எங்கள் பட்டியலில் அவள் பெயர்
நானூற்றுப் பதினேழு, ஒப்பீடு.

கொழுப்பு உறை போர்த்த நரம்பிழைகள்,
அதைத்தான் வெண்பொருள் என்கிறோம்.
உள்ளே நீர் சும்மா இருப்பதில்லை.
உறை நன்றாக இருந்தால் இழையை ஒட்டி நெடுக ஓடும்.
நைந்துவிட்டால்
கரை இல்லாத நீருக்குப் போகிற இடமெல்லாம் வழி.
நினைவை யாரும் படம் எடுத்ததில்லை.
நான் எடுப்பது நீர் போகும் திசையை.
இடவலம் சிவப்பு, மேல்கீழ் நீலம், முன்பின் பச்சை.
எண்டெலின் பச்சை
பல்லுப்போன சீப்பு.

எந்திரம் அவளைச் சுற்றி இடித்துக்கொண்டிருந்தபோது
அவர் கண்ணாடிக் கதவைத் தட்டினார்.
"பனி தாங்குமா?"
தாங்கும் என்றேன். அப்படித்தான் சொல்லச் சொல்லியிருந்தாள்.
"இருபத்தைந்துக்குக் கீழே ஓட்டு.
இல்லையா, நாற்பதுக்கு மேலே.
நடுவில் போனால் அடியில் அலை கிளம்பும், பனி உடையும்.
பெல்ட் போடாதே.
கதவு கைக்கு எட்டட்டும்."
ஒரு எண் பிசகவில்லை.
பிறகு, உள்ளே படுத்திருப்பது யார் என்று கேட்டார்.

படம் திரையில் ஏறியது.
குழிகளின் ஓரம் வெள்ளைத் திட்டுகள்.
வயதாக இருக்கும். ரத்த அழுத்தமாக இருக்கும்.
ஒற்றைப் படத்தை நம்பி
ஒரு ஆளைப் பற்றி எதுவும் சொல்வதில்லை நாங்கள்.
நூறு படம் சேர்ந்து பேசினால்தான் காது கொடுப்போம்.
இதெல்லாம் எனக்குத் தெரியும்.
வண்ணப் படத்துக்குப் போனேன்.
இடது பக்கம், பச்சை.
அதே சீப்பு.
இரண்டு பல்தான்.

வாசிப்பது என் வேலையில் சேராது.
உடனே கவனிக்க வேண்டியது இருந்தால் மருத்துவரைக் கூப்பிடலாம்.
இது அதில் சேராது. எதிலுமே சேராது.
விதி பதினொன்று:
முடிவுகள் பங்கேற்பாளருக்குத் தெரிவிக்கப்படமாட்டா.
கீழே அவள் கையெழுத்து,
பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒவ்வொரு எழுத்தும் முழுசாக.
வெண்பொருள் தேய்வதைக் காட்ட எனக்குச் சம்பளம்.
பொருள் சொல்ல அனுமதி இல்லை.

"எப்படி வந்திருக்கு என்னுது?"
"அசையாமல் இருந்தீர்கள். படம் தெளிவு."
இதில் ஓரெழுத்துப் பொய்யில்லை.
விர்த்சு துறைமுகத்தில் தூண் அடிக்கிற சத்தம் போலவே இருந்தது,
தூங்கிவிட்டேன் என்று சிரித்தாள்.

தட்டிலிருந்து மோதிரத்தை எடுத்து
இடக்கையில் போட்டுக்கொண்டாள்.
சோப்பு போட்ட விரல் வீங்கியிருக்கலாம்.
எண்டெல் பார்த்தார்.
ஒன்றும் சொல்லாமல் அதைக் கழற்றி
வலக்கையில் மாட்டினார்.
மாட்டிய பிறகும் விரலை விடவில்லை.
வாசலில் உறைந்த தண்ணீர்.
முன்னால் குதிகாலால் ஒரு தட்டு, பிறகு ஒரு அடி.
அப்படியே கார் வரைக்கும்
அவளைக் கூட்டிப்போனார்.

இரவு எட்டுக்கு நான் வீட்டுக்குக் கிளம்பினேன்.
எங்கள் தெருவில் முப்பதுக்கு மேல் போகக்கூடாது.
முள் முப்பதில் நின்றது.
கீழே தார்ச்சாலைதான்.
அதன் கீழே மண்தான்.
இருந்தாலும் ஒரு கை
பெல்ட்டின் கொக்கியைத் தேடிப்போனது.