வரிசை தவறு

சின்னப்பாலம் தொடக்கப் பள்ளி.
ஒன்றாம் வகுப்பு, இருபத்து மூன்று பேர்.
என் மடியில் ஒரு டேப்லெட்,
சார்ஜ் துளையில் மணல்.

விரல் எங்கே தொட்டது, எங்கே தூக்கியது,
எத்தனை நொடி யோசித்தது
எல்லாம் அதற்குத் தெரியும்.
பாம்பன் பாலம் தாண்டினால்
சிக்னல் மட்டும் தெரியாது.

செலின் பிரியாவின் ஆள்காட்டி விரலில் பிளாஸ்திரி.
பாசிக் கயிறு அறுத்ததாம்.
‘அ’ எழுதினாள், முழுசாக, சுழியோடு.
கண்ணாடியில் ஒன்றும் விழவில்லை.
திரை சொன்னது: முயற்சி செய்யவில்லை.
நடுவிரலால் எழுதச் சொன்னேன்.
நடுவிரல் இன்னும் பள்ளிக்கூடத்தில் சேரவில்லை.
கை நடுக்கம் என்று பதிவானது.

வெளியே நண்டு வலை பிரிக்கிறார்கள்.
சன்னல் ஓரத்துப் பிள்ளைகளுக்கெல்லாம்
தயக்கம், தலா பதினொரு நொடி.

நம்புராஜுக்கு வந்த சொல் கடல்.
க எழுதினான். ட எழுதினான்.
அப்புறம் வெறும் இடத்தில், உயரத்தில்,
ஒரு புள்ளி.
அதற்குக் கீழே ல
மெதுவாக வந்து நின்றது.

வடிவம் சரி. அளவு சரி.
சிவப்பில்: வரிசை தவறு.

“ஏன்டா புள்ளிய முதல்ல வச்ச?”

ஒன்றும் தெரியாத பிள்ளையைப் பார்ப்பது போல
என்னைப் பார்த்தான்.
“கடைசில வச்சா மறந்துரும்ல.”

குறிப்புப் பெட்டி நாற்பது எழுத்துதான் கொள்ளும்.
‘மறதிக்கு முன்’ என்று தட்டினேன்.
அழித்தேன்.
அவன் எழுந்து போய்
அடுத்தவளை முதுகில் தட்டி அனுப்பினான்.

சாயங்காலம் பஸ்ஸில்
உச்சிப்புளி வந்ததும் சிக்னல் வந்தது.
இருபத்து மூன்று பேரும் ஒவ்வொருவராக
மேலே ஏறிப் போனார்கள்,
நடுக்கம், தயக்கம், தவறு எல்லாவற்றோடும்.
மதிப்பீட்டாளர் கையொப்பம் என்று
ஒரு கட்டம் மிச்சம் இருந்தது. விரலால்.

எங்கள் ரேஷன் கார்டில் என் பெயர் நஸ்ரின.
கடைசிப் புள்ளியை யாரோ ஒருவர்
மதியச் சாப்பாட்டு அவசரத்தில் விட்டுவிட்டார்.
தாலுகா ஆபீசுக்கு மூன்று தடவை போயாயிற்று,
ஒரு புள்ளிக்கு.

கட்டத்தின் வலது கோடியில்
முதலில் அதை வைத்தேன்.
பிறகு ந, பிறகு மற்றவை.
பஸ் குலுங்கியது. இடம் போதவில்லை.
ன கொஞ்சம் நெருக்கியடித்து
புள்ளிக்குக் கீழே உட்கார்ந்தது.

என் வரிசையை அது கேட்கவில்லை.
ஏற்கப்பட்டது என்றது.