கணக்கில் சேராத சாய்வு

பென்னாகரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்
ஒற்றை அறை. ஒரு டிவி.
ஓசூர்க்காரன் ஒருவன் வேலை மாறிப் போகையில்
பாதி விலைக்குத் தள்ளிவிட்ட கேம் பெட்டி.
கூடவே இரண்டு வகைக் கைப்பிடிகள்:
ஒன்று பட்டன் அமுக்கினால் கேட்பது,
மற்றது, ஆட்டினால்தான் கேட்பது.

பட்டன்தான் என் கட்சி.
நான் கண்டக்டர்.
காலை ஐந்து பத்துக்கு ஏறினால்
இரவு ஒன்பதரைக்கு இறங்கும்வரை
தருமபுரிக்கும் ஒகேனக்கலுக்கும் நடுவில்
என் உடம்பு பூராவும் கைப்பிடிதான்.
பிரேக்குக்கு ஒரு கால் ஊன்ற வேண்டும்,
மீன் கூடைக்கு இடுப்பை ஒதுக்க வேண்டும்,
பாஸ் காட்டாத பையனைத் தேடிக்
கழுத்து பின்பக்கம் போய் வர வேண்டும்.
வீட்டுக்கு வந்தும் ஆட வேண்டுமா?
இரண்டு கட்டைவிரல் போதும்.
மீதி உடம்பு பாயில் கிடக்கட்டும்.

எங்கள் டிரைவர் மாதையன் ஒத்துக்கொள்ள மாட்டார்.
“ஆட்டம்னா வேர்க்கணும்யா” என்பார்.
அவர் உட்கார்ந்து ஓட்டுபவர்,
நான் நின்று தொங்குபவன்.
டென்னிஸில் அவர் வீசிய வீச்சுக்கு
டியூப்லைட் ஒன்று போனது,
கொடியில் காய்ந்த என் காக்கிச் சட்டை
டிவியின் தலைமேல் விழுந்தது.
நான் படுத்தபடியே
பூனை வாலை அசைக்கிற மாதிரி
மணிக்கட்டை ஒரு சொடுக்கு.
ஆறுக்கு இரண்டு. எனக்குத்தான்.
உடம்பைப் படிக்கிறேன் என்று சொன்ன இயந்திரம்
சொடுக்கையும் வீச்சையும்
ஒரே விலைக்கு எடுத்துக்கொண்டது.
செக்கிங் இன்ஸ்பெக்டர்கூட
இத்தனை சுலபத்தில் ஏமாற மாட்டார்.

இன்னொன்று இருக்கிறது.
கார் ரேஸில் பட்டன் பிடித்திருப்பவன்
வளைவு வந்தால் தானாகச் சாய்வான்.
அதனால் கார் ஒரு நூல்கூடத் திரும்பாது.
தெரியும். சாய்வான்.

எங்கள் வண்டியிலும் அதேதான்.
மலையிறக்கத்தில்
முனியப்பன் கோயில் தாண்டி மூன்றாவது திருப்பம்.
பஸ் எல்லாரையும் வெளிப்பக்கம் தள்ளும்.
எண்ணெய்க் குளியலுக்குப் போகும் புதுமாப்பிள்ளை,
பரிசல்காரர்கள், சிலிண்டர் வைத்திருக்கும் ஓட்டல்காரி,
எல்லாரும் உள்பக்கம் சாய்வார்கள்,
ஸ்டியரிங் மாதையன் கையில் இல்லாததுபோல.
அந்தச் சாய்வுக்கு நான் டிக்கெட் கிழித்ததில்லை.

ஆட்டுகிற கைப்பிடி வந்ததும்
அதற்கும் டிக்கெட் போட்டுவிட்டார்கள்.
இத்தனை சாய்ந்தால் இத்தனை திருப்பம்,
கூடச் சாய்ந்தால் பள்ளம்.
பிறகு எவன் சும்மா சாய்வான்?

இதையெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமை
தீர்த்தகிரியிடம் நீட்டி முழக்கினேன்.
கிரானைட் பாலிஷ் போடும் இடத்தில்
வலது கட்டைவிரலையும் அடுத்ததையும்
கல்லுக்குக் கொடுத்தவன்.
கேட்டுக்கொண்டே
ஆட்டுகிற கைப்பிடியை எடுத்து
உள்ளங்கையோடு துண்டால் சுற்றினான்.
பல்லால் முடிச்சு.
“பேசி முடிச்சியா? போடு பவுலிங்கை.”
பத்து பின்னும் விழுந்தது.
மறுபடி பத்து.
துள்ளுவதற்கு அந்த அறை அவனுக்குப் போதவில்லை,
வாசலுக்குப் போய்த் துள்ளிவிட்டு வந்தான்.
“உன் கட்சியில எனக்கு சீட் இருக்காடா?”

தோற்ற கணக்கு:
ஐந்து ஆட்டம், இரண்டு டீ, முட்டை போண்டா நான்கு.

கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை.
இப்போதும் பட்டன்தான்.
அந்தத் துண்டு மட்டும்
டிவி பக்கத்திலேயே கிடக்கிறது, துவைக்காமல்.

ஆறாவது ஆட்டத்தில் ஒன்று பார்த்தேன்.
பந்து அவன் கையை விட்டுப் போய்விட்டது.
கைப்பிடிக்கு இனி வேலையில்லை.
பந்து இடது ஓரமாக ஒதுங்குகிறது.
இவன் கழுத்தை இழுத்து, இடுப்பை ஒடித்து,
ஒற்றைக் காலில் நின்று
அதை வலது பக்கம் கூப்பிடுகிறான்.
பந்து கேட்கவில்லை.
பெட்டி அதை எழுதிக்கொள்ளவும் இல்லை.

பாயில் கிடந்த நானும்
கொஞ்சம் வலது பக்கம்.