காற்றுக்கு அளவெடுத்தது

ஆனி ஆடியில் எங்கள் ஊரில் காற்று உண்டு, தண்ணீர் கிடையாது.
கார்த்திகையில் குளம் பெருகும், இலை அசையாது.
இது தெரிந்தும்
பணகுடிக்குத் தெற்கே, கடல் கண்ணுக்கே தெரியாத தூரத்தில்,
மாட்டுக் கொட்டகைக்குள்
பன்னிரண்டடிப் பாய்மரப் படகு கட்டினார் தளவாய்.

காற்றாலைக் கோபுரத்தில் ஏறிப் பழுது பார்க்கிற வேலை.
பகலெல்லாம் காற்றை யூனிட்டாக எண்ணிவிட்டு வருவார்,
ராத்திரி அயனிப் பலகையை இழைப்பார்.
சீவல் என் தையல் மிஷின் வரைக்கும் சுருண்டு வரும்.
வெந்நீர் ஊற்றி வளைத்ததில் ரெண்டு பலகை பிளந்தது,
பி.எஃப். பணமும் அதோடு.

மீன்கூடையை இறக்கிவைத்த சகாயமேரி,
இடிந்தகரைக்காரி, வள்ளங்களுக்கு நடுவே வளர்ந்தவள்,
சுற்றிவந்து தட்டிப் பார்த்தாள்.
"மீனு பிடிக்கவா அண்ணே?"
"இல்ல."
"பின்னே?"
உளியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.
அன்றைக்குச் சாளையை இருபது ரூபாய் குறைத்துத் தந்தாள்,
துக்க வீட்டுக்குச் செய்வது போல.

பாய் என் பொறுப்பு.
பதினெட்டு வருஷமாக ரவிக்கை தைக்கிறேன்,
தோள் இறங்கியவள், கை பருத்தவள், பால் கொடுக்கிறவள்,
எல்லாருக்கும் நோட்டில் அளவு இருக்கிறது.
காற்றுக்கு என்ன அளவு?
எங்கே பிடிப்பு, எங்கே தளர்வு?
லாரித் தார்ப்பாயில் ஒன்பது ஊசி ஒடிந்தது.
கடைசியில் ஸ்டெல்லா டீச்சர் அளவுக்கே டார்ட் பிடித்தேன்.
அவரிடம் சொல்லவில்லை.

இந்த ஆனியில் மலையில் பேய்மழை.
மடை மூழ்கத் தண்ணீர். காற்றும் இருந்தது,
ஆலைகள் தலைதெறிக்கச் சுற்றின.
சீசனில் லீவு கிடையாது.
வயிற்றுப்போக்கு என்று போன் பண்ணினார்.

வைகுண்டமணியின் குட்டியானையில் ஏற்றினோம்.
கேட் தூண் இடித்தது.
தூணை இடித்தோம்.

குளத்தில்
தளவாய் இடுப்பளவு தண்ணீரில் நின்றார்.
நான் வெயிட்டுக்கு உட்கார்ந்தால் போதும், அவ்வளவுதான் பேச்சு.
காலடியில் நீர் கசிந்தது, மிளகளவு, பிறகு சுண்டைக்காயளவு.
"பலகை ஊறுனா அடைஞ்சிரும்."
கயிறு அவர் கையில் இருந்தது.
பாய் படபடத்தது, கிழியப்போகிறது என்று நினைத்தேன்,
டப்பென்று நிறைந்தது.
கயிறு அவர் கையில் இல்லை.

"ஏளா! கட்டையப் பிடி!"
எந்தக் கட்டை?
நீர்க்காகங்கள் எழும்பின.
கரையில் மேய்ந்த ஆடுகள் அப்படியே பின்னால் போயின.
எனக்கு வேறெங்கும் கண் போகவில்லை,
மூன்றாவது டார்ட்டிலேயே இருந்தேன்.
அத்தனை காற்றும் அந்த ஒரு நூலில்.
பிடித்தது.
மிஷின் சத்தம் இல்லை, ஒரு சத்தமும் இல்லை,
அடியில் தண்ணீர் மட்டும் துணி கிழிப்பதுபோல.
பின்னே? என்று சகாயமேரி கேட்டது
நடுக்குளத்தில் ஞாபகம் வந்தது.
என்னமோ கத்தினேன். வார்த்தை இல்லை அது.

உடைமரப் புதரில் சொருகி நின்றது படகு.
உள்ளே கணுக்கால் தண்ணீர்.
பாயில் ஒரு முழம் கிழிசல், துணியில்தான், தையலில் இல்லை.
கரையைச் சுற்றி ஓடிவந்தார், ஒற்றைச் செருப்போடு.
"ஒண்ணும் ஆகலியே?"
என்னைக் கேட்டாரா, படகைக் கேட்டாரா, தெரியாது.

"இடப்பக்கம் ரெண்டு விரக்கடை லூஸு," என்றேன்.
"ராத்திரியே பிரிச்சுத் தைக்கணும்.
நாளைக்கும் வயித்துப்போக்குன்னு சொல்லிருங்க."