கூடு

வந்தவர்கள் இரண்டு பேர்.
ஒருவர் ஜெர்சித் தீவுக்காரரின் வக்கீல்.
மற்றவர் பையில் காந்தம் வைத்திருந்தார்.
மழைக்கோட்டைக்கூடக் கழற்றாமல்
சமையலறையில் நின்று கேட்டார்கள்:
எது அசல், மிஸஸ் டக்கட்?

ஆபிங்டன் தொழிற்சாலையில், போட்டிப் பிரிவில்
எட்டு வருஷம் ஸ்டோர்ஸ் சீட்டு எழுதியவள் நான்.
ஒரு வாஷர் வேண்டுமென்றாலும்
என் ஜன்னலுக்குத்தான் வரவேண்டும்.

கடைக்குப் போகும் ஹீலிக்கும்
மலைக்குப் போகும் ஹீலிக்கும்
முகம் ஒன்றுதான், பிறவி வேறு.
இரும்பு இருந்த இடத்தில் அலுமினியம்,
கண்ணாடி இருந்த இடத்தில் பிளாஸ்டிக்,
கதவுக்கடியில் பக்கவாட்டில் உறுமும் புகைக்குழாய்,
மூச்சுவிடக் கீறல் கீறலாய்த் திறந்த பானெட்.
சிரில் ஹோப்கிராஃப்ட் கைப்பிடியைக்கூட விடவில்லை.
துளைக்கு ஒரு கிராம் மிச்சம் என்று
சுவரில் சாக்பீஸால் கூட்டிக்கொண்டே போவான்.
பிறகு லாஸ்கெல் வருவார்,
ஸீட்டுக்குப் பின்னால்
முழுப் பன்றித்தொடை ஒன்றைச் செருகுவார்.
யுகோஸ்லாவியாவில் என்ன கிடைக்கும், நீயே சொல் என்பார்.
சிரில் சாக்பீஸை வைத்துவிட்டு
டீ குடிக்கப் போய்விடுவான்.

அந்த ஆகஸ்டில்
ஹெஸ்டர் பிளைத்தின் குறிப்பில் இடது என்று இருந்தது.
சாலை வலதில் போனது.
இரண்டு பேரும் பிழைத்தார்கள்:
ஒரு தோள்பட்டை, மூன்று விலா.
வண்டி லாரியில் வந்தது
யாரோ மிதித்த பிஸ்கட் டின்னைப் போல.

அடுத்த பந்தயத்துக்குப் பதிவாகிவிட்டது எண்.
சுங்கத் தாளில் அதே எண்,
வரி வில்லையில் அதே எண்.
தாளை மாற்ற ஆறு வாரம்,
வண்டியை மாற்ற இரண்டு ராத்திரி.

புதுக் கூடு. பழைய எண் பலகை.
சீட்டு இன்னும் நினைவிருக்கிறது:
திருகாணி, பித்தளை, நான்கு.
கூடு விட்டுக் கூடு பாய
அதற்குமேல் எதுவும் கேட்கப்படவில்லை.

திங்கட்கிழமை லாஸ்கெல் ஒரு சுற்றுப் போய்வந்து
இரண்டாவது கியர் இன்னும் முனகுகிறதே என்றார்.
கியர்பெட்டி அன்றுதான் பெட்டியிலிருந்து வந்தது.
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
சரி பார்க்கிறேன், என்றான் சிரில்.

அடுத்த குளிர்காலத்தில் அதுவும் நசுங்கி
மூன்றாவது வந்தது. அதே நான்கு திருகாணி.
நசுங்கியதை நிமிர்த்தி
லாக் புத்தகத்தோடு ஒரு பல் டாக்டர் வாங்கிப்போனார்.
மூன்றாவதை, எண் பலகையோடு,
குதிரை வளர்ப்பவர் ஒருவர்.
இன்று இரண்டும் கம்பளத்தில் நிற்கின்றனவாம்.
ஒவ்வொன்றின் விலைக்கும்
என் தெருவை வாங்கிவிடலாம்.

முதலாவது? என்றார் வக்கீல், விரலால் தாளைத் தட்டி.
வெட்டிப் பழைய உலோகத்துக்குப் போட்டதாக எழுதியிருக்கிறதே.
எழுதியிருக்கிறது, என்றேன்.
கையெழுத்து உங்களுடையது.
ஆமாம், அப்போது நடுக்கம் இல்லை.

காந்தக்காரர் ஜன்னலோரம் நின்றிருந்தார்.
தோட்டக் கோடியில் கோழிக்கூட்டின் கூரையில்
மழை வேறு மாதிரி ஒலித்தது,
தகரத்தைவிடக் கொஞ்சம் மென்மையாக.
சிரில் ஒரு சனிக்கிழமை
தள்ளுவண்டியில் கொண்டுவந்து தட்டி நிமிர்த்தியது.
கீறல்கள் வழியே இன்னும் ஒழுகுகிறது.
காற்றோட்டம் என்று சொல்லிவிட்டுப் போனான்.

காந்தம் பையில்தான் இருந்தது.
அவருக்கு ரயிலுக்கு நேரமாகிவிட்டது.

ஆளுக்கு ஆறு முட்டை கொடுத்தேன்.
வக்கீல் ஒன்றை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து
இன்று இட்டதா என்றார்.
அதை மட்டும்
என்னால் நிச்சயமாகச் சொல்ல முடிந்தது.