ஏழு அங்குலம்

வெள்ளவத்தைச் சந்தைக்குப் பின்னால்
மாடிப்படியின் கீழே
ஒரு மெஷினும் ஒரு பல்பும்
ஜவுபர் நானாவின் கடை.
இடுப்பு முப்பது, ஹிப் முப்பத்தெட்டு என்று
தீப்பெட்டி அட்டையில் எழுதியவர்
பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு கேட்டார்:
"வேலைக்கு எதுல போற மகள்?"
நூறாம் நம்பர் பஸ் என்றேன்.
"அப்ப ஏழு."

பின்பக்க வெட்டைச் சொல்கிறார்.
பென்சில் ஸ்கேர்ட் என்பது
முழங்கால் இரண்டையும் ஒரே உறையில் இட்டு
ஒட்டிய கடிதம்.
வெட்டுத்தான் அதைத் திறக்கிற இடம்.
காரில் வருகிறவர்களுக்கு நாலு அங்குலம்,
த்ரீவீலுக்கு ஐந்தரை,
பஸ்ஸுக்கு ஏழு.
எட்டுப் போட்டால் கந்தோரில் கதைப்பார்கள்.

இதன் மூதாதை இன்னும் மோசம்.
நூறு வருடத்துக்கு மேலிருக்கும்.
கணுக்காலருகே இறுக்கிய பாவாடையில்
சீமைப் பெண்கள் தத்தித் தத்தி நடந்தார்களாம்.
அவர்களால் ஏற முடியவில்லை என்று
ஒரு நகரத்தில்
டிராமின் படியையே தாழ்த்திக் கட்டினார்களாம்.
பருப்புக்கறி விரலில் காயும்வரை
ஃபோனில் இதை வாசித்துக்கொண்டிருந்தேன்.
படியைத் தாழ்த்தினார்களாம்!
பிறகு ஒரு யுத்தம், துணிக்குக் கூப்பன்,
கொசுவமெல்லாம் போய்
மிஞ்சியது இந்தக் குழாய்.

எங்கள் பஸ் நிற்பதில்லை,
நிற்பதுபோல் ஒரு பாவனை.
"நகின்ட, நகின்ட" என்று கொண்டக்டர் தகரத்தில் அடிக்க
ஒரு கையில் கம்பி, மறு கையில் ஸ்கேர்ட்டின் ஓரம்.
முதல் கிழமையே புட்போர்டில் ஒரு தையல் போனது,
யாரோ உச்சுக் கொட்டியதுபோல.
அன்றிலிருந்து பேக்கில்
கறுப்பு நூல், ஊசி, பிளேட் துண்டு.

பெட்ரோல் இல்லாத அந்த ஜூன் மாதம்
மனேஜர் மிஸஸ் அருமைநாயகம்
கறுவாத்தோட்டத்துக் காரை வரிசையில் விட்டுவிட்டு
பஸ்ஸில் வந்தார்.
வோஷ்ரூம் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார்.
வெட்டின் உச்சியில் தையல் அரைகுறையாய் விட்டு
நூல் தொங்கியது.
"தைச்சுத் தாரும்" என்றார், மெல்ல.

மண்டியிட்டேன்.
வெளிநாட்டுத் துணி, வழுக்குகிற லைனிங்,
என் மூக்குக்கு நேரே
நாலு அங்குலம்.
ஊசியை வைத்துவிட்டு பிளேடை எடுத்தேன்.
இன்னும் மூன்று அங்குலம், இழை இழையாகப் பிரித்தேன்.
மேல்முனையில் மட்டும் ஒரு முடிச்சு.
"நடந்து பாருங்கோ."
நடந்தார்.
டைல்ஸில் ஒரு குதிச்சத்தத்துக்கும் அடுத்ததுக்கும் இடையே
கொஞ்சம் கூடுதலாய் நேரம் எடுத்தது.

ஐந்து கிழமை அப்படித்தான் வந்தார்,
மீட்டிங்குக்கும் அதே ஸ்கேர்ட்டில்.
ஒரு பின்னேரம் கொள்ளுப்பிட்டிச் சந்தியில்
நகரும் பஸ்ஸின் பின்னே ஓடி
பிடித்தும் விட்டார்.
சத்தமாய்ச் சிரித்ததைக் கண்டேன்.

பெட்ரோல் வந்த கிழமை
மறுபடி நாலு.
நல்ல தையல்காரர் யாரோ,
அடையாளமே இல்லை.

இப்போதும் ஐந்து மணிக்கு ஜன்னலால் பார்ப்பேன்.
டிரைவர் கதவைப் பிடித்திருக்க
முதலில் அவர் உட்காருவார்.
பிறகு முழங்கால் இரண்டையும் சேர்த்துத் தூக்கி
ஒரு பக்கமாய்த் திருப்பி
உள்ளே வைப்பார்,
பார்சல் வைப்பதுபோல.